சேசிஸில் கை வைக்காமல் ஒரு புல்லட்

பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதை நம் உடம்புக்கும் நாம் போகும் சாலைக்கும் ஏற்றபடி மாற்றி, அதிலேயே ஊர் சுற்றிவர வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. எங்கே தொடங்குவது என்பதில்தான் குழப்பம். பெரும்பாலானவர்கள் நேராகப் பெயிண்டரிடம் போகிறார்கள், இல்லாவிட்டால் வெல்டிங் பட்டறைக்கு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் வாங்கிய புல்லட்டை, பின்பக்கம் குட்டையான 'பாபர்' வடிவ வண்டியாக ஆக்குவதற்காக சேசிஸின், அதாவது எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் குழாய்ச் சட்டத்தின், பின்பகுதியை அறுத்து எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்கக் கொண்டுபோனபோது, வண்டியைச் சுற்றிப் பார்த்த ஆய்வாளர் அறுத்த இடத்தைத்தான் முதலில் தொட்டார். புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். அந்த வண்டி அதன் பிறகு சாலைக்கு வரவே இல்லை.

இப்போது ஓட்டுவது இரண்டாவது வண்டி. இதில் எந்தக் குழாயையும் அறுக்கவில்லை. மாற்றியது எல்லாமே ஸ்பேனரை வைத்துக் கழற்றி, பழையதைத் திரும்ப மாட்டக்கூடியவை. கீழே எழுதியிருப்பது இந்த இரண்டாவது வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்த வரிசை.

எந்த வண்டி?

முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சின் புல்லட் 350. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் இருந்து பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டிருந்த எஞ்சின் இது. ஒரே சிலிண்டர், 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எது எதைத் தள்ளுகிறது, எது எங்கே திறக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். உதிரிபாகம் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், வெளியூரிலும் பழைய புல்லட் மெக்கானிக் ஒருவராவது இருப்பார். பின்னால் வந்த, எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யூசிஇ எஞ்சின் நம்பகமானது, எண்ணெய்க் கசிவும் குறைவு. தினமும் அலுவலகம் போக அதுவே மேல். கற்றுக்கொள்ள காஸ்ட் அயர்ன்.

வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது காகிதம். ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் தேய்த்த தடமோ தடித்த பெயிண்டோ இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. பதிவு 15 வருடத்துக்கு, அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். வேறு ஆர்டிஓ எல்லையில் இருந்து வருகிற வண்டியென்றால் 28-ஆம் படிவத்தில் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) தேவைப்படலாம். "அப்புறம் மாத்திக்கலாம் தம்பி" என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுதான் இந்தப் பொழுதுபோக்கின் எல்லை. தயாரிப்பாளர் கொடுத்து ஆர்சியில் பதிவான அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சத்தம், புகை விதிகளை மீறினால் முதல்முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

ஆகவே சேசிஸை அறுப்பது, வேறு சிசி எஞ்சினை ஏற்றுவது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை நீட்டுவது எல்லாம் விலக்கு. சீட், கைப்பிடி, கண்ணாடி, பெட்டி, கிராஷ் கார்டு போன்ற மாட்டிக் கழற்றும் பொருள்களில்தான் நமக்கு இடம் இருக்கிறது. அவற்றிலும் சந்தேகம் வந்தால் வாங்கும் முன் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிடுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டுக்கு வம்பாக வந்து நிற்கும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். இந்த எல்லைக்குள் செய்ய வேண்டிய வேலையே ஒரு வருடத்துக்கு இருக்கிறது.

ஒரு மாதம் எதையும் கழற்றாதீர்கள்

வாங்கிய நிலையிலேயே ஒரு மாதம் ஓட்டுங்கள். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, டயர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருக்களில் மெதுவாக. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில் கை மரக்கிறது, எத்தனை கிலோமீட்டரில் இடுப்பு வலிக்கிறது, பிரேக் பிடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது, சூடானபின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். படத்தில் பார்த்து ஆசைப்பட்ட கைப்பிடி உங்கள் தோளுக்கு ஒத்துவராது என்பதை இந்த நோட்டுதான் சொல்லும். நான் தாழ்வான கைப்பிடி வாங்க நினைத்திருந்தேன். நோட்டில் 'மணிக்கட்டு வலி' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து உயரமானதை வாங்கினேன்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. மற்ற வண்டிகளில் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிடும். ஆளில்லாத மைதானத்தில் சில நாள் பழகாமல் நெரிசலுக்குள் போகாதீர்கள். கியர் லீவருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன நெம்புகோல் நியூட்ரல் ஃபைண்டர். இரண்டு, மூன்று, நான்கில் எதில் இருந்தாலும் அதை மிதித்தால் நியூட்ரலுக்கு வந்துவிடும். சிக்னலில் இதன் அருமை தெரியும்.

கிக்கருக்கும் ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கால் இறுகும் இடம் வரும். அங்கே, பேட்டரிக்கு மின்சாரம் வருகிறதா செலவாகிறதா என்று காட்டும் ஆம்மீட்டரின் முள் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தால், தீப்பொறியை உண்டாக்கும் சுவிட்சான பாயிண்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே நீள மிதியாகக் கீழ்வரை மிதியுங்கள். பலம் தேவையில்லை. குதித்துக் குதித்து மிதிப்பவர்களுக்குத்தான் கிக்கர் திருப்பி அடிக்கும். செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள், டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) முன்னே தள்ளியிருக்கும் வண்டி கணுக்காலையே உடைத்துவிடும்.

கழற்றும்போது

புல்லட்டில் மில்லிமீட்டர் நட்டும் இருக்கும், பழைய ஆங்கிலேய அளவு நட்டும் இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். இரண்டு அளவிலும் ரிங் ஸ்பேனர், சின்ன இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச், சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் ஸ்க்ரூ டிரைவர். தொடங்க இவை போதும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், கழற்றிய பிறகும் எடுங்கள். நட்டு, வாஷர்களை முட்டை அட்டையின் குழிகளில் கழற்றிய வரிசைப்படி போட்டு, ஓரத்தில் பெயர் எழுதிவிடுங்கள். டேங்க்கைக் கழற்றும் முன் பேட்டரி வயரை எடுத்துவிடுவது, பெட்ரோலைத் திறந்த வெளியில் வடிப்பது இரண்டும் தவறவே கூடாது. பழைய பிரேக் ஷூவின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

ஒரே நேரத்தில் முழு வண்டியையும் பிரித்துப் போடாதீர்கள். வீட்டு மூலையில் சாக்குப் பையில் கிடக்கும் புல்லட்கள் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் முழுசாகப் பிரிக்கப்பட்டவைதான். ஒரு பகுதியைப் பிரி, சரிசெய், மாட்டு, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்தது.

முதலில் நிற்க வேண்டும்

வேலையின் வரிசையில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத கருத்து இது. நிற்பது முதலில், ஓடுவது இரண்டாவது, அழகு கடைசியில். பணம் பாதியில் தீர்ந்தாலும் பாதுகாப்பாக ஓட்டக்கூடிய வண்டி கையில் இருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருடத்தைத் தாண்டிய டயரை நான் மாற்றிவிடுவேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் இருந்தால் பெண்டு எடுக்கக் கொடுங்கள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது.

டிரம் பிரேக் பிடிக்கவில்லை என்றதும் எல்லோரும் ஷூவை மாற்றுகிறார்கள். பல வண்டிகளில் குற்றவாளி டிரம்தான். வட்டம் போய் லேசாக முட்டை வடிவம் ஆகியிருக்கும், பிரேக் பிடித்தால் லீவர் கையில் துடிக்கும். நல்ல லேத் பட்டறையில் கொடுத்து டிரம்மைக் கடைந்து, அதற்குப் பொருந்தும் ஷூவைப் போட்டு, கேபிளையும் புதிதாக மாற்றினால் அதே பிரேக் வேறு பிரேக் போலிருக்கும். நான் இந்த வண்டியில் செய்த வேலைகளிலேயே செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருந்தது இதுதான்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கைப்பிடியை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் சிக்கி நிற்பதுபோல் இருந்தால் கோன் செட் (கைப்பிடி திரும்பும் இடத்து பேரிங்) குழி விழுந்துவிட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். லொடலொடத்தால் அதுவும் கோன் செட்தான், அல்லது தளர்ந்திருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும்.

வயரிங்

பழைய வண்டியில் மூன்று நான்கு கைகள் வயரிங்கைத் தொட்டிருக்கும். ஒட்டுப்போட்டதை மேலும் ஒட்டாமல், புது வயரிங் செட் ஒன்றை வாங்கி முழுதாக மாற்றிவிடுவதே நல்லது. பேட்டரிக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும்.

கணக்கு எளிது. 12 வோல்ட்டில் 60 வாட் பல்ப் ஐந்து ஆம்பியர் எடுக்கும். பழைய ஆல்டர்னேட்டர் அவ்வளவையும் தொடர்ந்து தர முடியுமா என்பதைப் பார்த்த பிறகே பெரிய பல்ப் போடுங்கள். ஹெட்லைட் போட்டு நல்ல வேகத்தில் போகும்போதும் ஆம்மீட்டர் முள் இடப்பக்கமே நின்றால், வருவதைவிடச் செலவு அதிகம். இன்னும் பழைய 6 வோல்ட் வண்டியாக இருந்தால் ஆல்டர்னேட்டர், ரெக்டிஃபையர், பேட்டரி, பல்ப் எல்லாவற்றையும் யோசித்து ஒன்றாக மாற்ற வேண்டும். பல்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை.

விளக்கு மங்கலாக எரிகிறது என்றால் ஹெட்லைட்டை எரியவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை பல்ப்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே சுவிட்சிலோ இணைப்பிலோ துரு. அதேபோல எர்த் பக்கமும் பாருங்கள். என் வண்டியின் மங்கல் விளக்குக்குக் காரணம் பெயிண்ட் மேல் முடுக்கிய ஒரே ஒரு எர்த் போல்ட். அந்த இடத்தைச் சுரண்டிவிட்டதும் வெளிச்சம் வந்துவிட்டது.

எஞ்சினில் நீங்களே செய்யக்கூடியவை

முதல் வருடத்தில் எஞ்சினைப் பிரிக்காதீர்கள். எண்ணெய் மூன்று இடத்தில் தனித்தனியாக இருக்கிறது: எஞ்சின், பிரைமரி செயின் கேஸ் (எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் செயின் உள்ள பெட்டி), கியர் பாக்ஸ். மூன்றையும் மாற்றி, எஞ்சினுக்கு 20டபிள்யூ50 தர எண்ணெய் ஊற்றுங்கள். பல வாரம் நின்ற வண்டியில் எண்ணெய் கீழே கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் புகைத்தால் பயப்பட வேண்டாம். அளவு குறைந்ததாக நினைத்து மேலே ஊற்றிவிடவும் வேண்டாம், ஓட்டிய பிறகு பாருங்கள்.

டேப்பெட்டை, அதாவது வால்வுகளுக்கான இடைவெளியை, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே இருக்கையில் பார்க்க வேண்டும். வால்வைத் திறக்க உதவும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையின்றி உருள வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இந்த இரண்டையும் சரியாக வைத்தாலே 'கார்புரேட்டர் கெட்டுப்போச்சு' என்று வருகிற வண்டிகளில் பல சரியாகிவிடும். என் மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரில் கை வைக்கும் முன் பாயிண்ட்டைத்தான் திறப்பார். அந்தப் பழக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன்.

சைலன்சரைச் சத்தமானதாக மாற்ற வேண்டாம். வழக்கு ஒரு பக்கம். புகை எளிதாக வெளியேறுவதால் பெட்ரோல் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறுவது இன்னொரு பக்கம். அதைவிட எனக்கு முக்கியம், காலை ஐந்து மணிக்கு வண்டியைக் கிளப்பினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழக் கூடாது என்பது.

உங்கள் உடம்புக்கு

நமக்கேற்றபடி மாற்றிய வண்டியைக் 'கஸ்டம்' என்பார்கள், அந்தச் சொல்லுக்கு இங்கேதான் பொருள் வருகிறது. லண்டனில் 1938-இல் தொடங்கிய ஏஸ் கஃபே என்ற தேநீர்க் கடையைச் சுற்றி 50, 60-களில் இளைஞர்கள் கைப்பிடியைத் தாழ்த்தி, கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளியது, காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு கடையில் இருந்து அடுத்த கடைக்கு வேகமாகப் போக. ராயல் என்ஃபீல்டே 60-களின் நடுவில் 250 சிசி கான்டினென்டல் ஜிடியை அந்த வடிவில் விற்றது. அந்தச் சாலைக்கும் அந்த நோக்கத்துக்கும் அது பொருத்தம். வேகத்தடையும் பஸ்ஸும் நிறைந்த நம் சாலையில் மணிக்கு 30-இல் போகும்போது அந்த அமைப்பு உடம்பின் பாரத்தையெல்லாம் மணிக்கட்டில் இறக்கும். ஆகவே படத்தை மறந்துவிட்டு நோட்டைத் திறங்கள்.

கைப்பிடி மாற்றினால் கேபிள் நீளமும் மாற வேண்டும். மாட்டியபின் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கைப்பிடியை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்புங்கள். எந்த இடத்திலாவது எஞ்சின் வேகம் கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். யூ டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாயும். அதைச் சரிசெய்யாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

சீட்டுக்கு ஊர் ஊராகத் தைப்பவர்கள் இருக்கிறார்கள், சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம். பழைய சீட்டின் அடித்தகட்டை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஃபோமை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கடையில் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும் ஃபோம் நூறு கிலோமீட்டரில் தகட்டில் உட்காரவைக்கும். அடியில் கெட்டியானது, மேலே மெல்லிய மென்மையானது என்று இரண்டு அடுக்காகக் கேளுங்கள். தைக்கும் முன் அதில் உட்கார்ந்து, இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பெயிண்ட். புல்லட் டேங்க்கில் உள்ள பொன்னிறக் கோடுகள் திருவொற்றியூர் ஆலையில் கையால், அளவுகோல் இல்லாமல் வரையப்பட்டவை. நம் ஊரில் ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்த போர்டு பெயிண்டர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அந்த மனிதரின் தூரிகைக்கு அந்தக் கோடு வரும். என் டேங்க்கில் கோடு போட்டவர் எங்கள் ஊர் மளிகைக் கடைகளுக்கெல்லாம் பெயர் எழுதியவர். ஒரே மூச்சில் வளைவை முடித்தார். ஸ்டிக்கரில் அந்த உயிர் வராது.

சாலைக்கு

ஒற்றைச் சிலிண்டர் அதிர்வு நட்டுகளைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போடுங்கள். ஒவ்வொரு முக்கிய நட்டையும் முடுக்கியபின் நட்டின் மேலிருந்து உலோகம் வரை வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. தினமும் காலையில் ஒரு பார்வை போதும்.

முதல் 50 கிலோமீட்டர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கையில் ஸ்பேனரோடு. திரும்பி வந்து எல்லா நட்டையும் பாருங்கள். அதன் பிறகு நூறு, இருநூறு. ஸ்போக்கைத் திரும்பத் தட்டிப் பாருங்கள். 500-இல் எண்ணெய் மாற்றி டேப்பெட்டைச் சரிபாருங்கள். ஐஎஸ் 4151 முத்திரை உள்ள முழுமுகத் தலைக்கவசம், கணுக்காலை மூடும் ஷூ, கையுறை மூன்றும் வண்டிச் செலவின் பகுதி என்றே கணக்கில் எழுதுங்கள்.

மலைக்குப் போக ஆசை வந்தால் ஏலகிரியில் தொடங்குங்கள், 14 கொண்டை ஊசி வளைவுகள்தான். கொல்லிமலையின் 70 வளைவுகள் டிரம் பிரேக் வண்டிக்கும் புதிய கைக்கும் பெரிய தேர்வு, அது பிறகு. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, பாதி மலையில் லீவர் இருக்கும், பிரேக் இருக்காது. வேகமே வேண்டும் என்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் ரேஸ் தடங்கள் இருக்கின்றன, சாலை அதற்கான இடம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எஞ்சினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவையுங்கள். மறுநாள் காலை அதில் விழுந்திருக்கும் எண்ணெய்ப் புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டு, தேதியையும், அதற்கு நேர்மேலே இருக்கும் பாகத்தின் பெயரையும் எழுதுங்கள். சில வாரம் இப்படிச் சேர்த்தால் எந்தப் புள்ளி பெரிதாகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்து கேஸ்கெட்டை மாற்றுங்கள்.